குளவிக்குக் கற்றுக்கொடுத்தது யார்?



உங்கள் வீட்டு ஜன்னல் சட்டத்திலோ, மின்சார மீட்டர் பெட்டியின் ஓரத்திலோ, பரணில் கிடக்கும் பழைய பெட்டியின் மூலையிலோ மண்ணால் ஆன சிறு கூடு ஒன்றை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அது குளவிக் கூடு. வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று நம் பெண்களிடையே ஒரு பேச்சு உண்டு. அது ஆதாரமற்ற பேச்சு, ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடப் பழமையான நம்பிக்கை வேறொன்று இருக்கிறது. குளவி எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கிவந்து கூட்டுக்குள் வைத்து, அதைக் கொட்டிக் கொட்டி, அதன் காதில் ஓயாமல் ரீங்காரமிட்டு, இறுதியில் அப்புழுவைத் தன்னைப் போன்ற குளவியாகவே மாற்றிவிடுகிறதாம். ஆசிரியர் மாணவரை உருவாக்குவதற்கு உவமையாக இதைச் சொல்லாத பேச்சாளர் குறைவு. நம்முடைய மேடைகளிலும் இது கேட்கத்தான் செய்கிறது.

நடப்பது இதற்கு நேர் மாறானது. குடம்போலக் கூடு கட்டும் தாய்க்குளவி, தண்ணீர் கொண்டுவந்து மண்ணைக் குழைத்து, உருண்டை உருண்டையாகச் சுமந்து, வயிறும் கழுத்தும் உள்ள சிறு குடத்தை வனைகிறது. அதன் உள்கூரையிலிருந்து மெல்லிய இழை ஒன்றில் தொங்கும்படி ஒரு முட்டையை இடுகிறது. பிறகு பச்சைப் புழுக்களைத் தேடிப்பிடித்து, கொட்டி, சாகாமலும் அசையாமலும் இருக்கும்படி செயலிழக்கச் செய்து உள்ளே அடுக்குகிறது. குடம் நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்துவிட்டுப் பறந்துபோகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சு, கெடாமல் இருக்கும் அந்தப் புழுக்களைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்த பின் மண்சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மாணவர் என்று நாம் நினைத்த புழு, உண்மையில் குஞ்சுக்கு வைக்கப்பட்ட உணவு!

இனிதான் வியப்பு தொடங்குகிறது. வெளியே வந்த இந்தக் குளவி தன் தாயைப் பார்த்ததில்லை. தாய் மண் குழைத்ததையும் பார்த்ததில்லை. தான் பிறந்த குடத்தை அது இருட்டில், உள்ளிருந்து மட்டுமே அறியும். எனினும் தன் காலம் வந்ததும் அதே மண்ணைத் தேடுகிறது. அதே வடிவில் குடம் வனைகிறது. தாய் வேட்டையாடிய வகைப் புழுவையே வேட்டையாடுகிறது. ஒரு குயவரின் மகன், தந்தையின் சக்கரத்தை ஒருநாளும் காணாமல் வளர்ந்து, இருபது வயதில் முதல் முயற்சியிலேயே பானை வனைந்தால் ஊர் திரண்டு வந்து பார்க்காதா? குளவி செய்வதை நாம் துடைப்பத்தால் தட்டிவிட்டுப் போகிறோம்.

இல்ஹாம் என்ற சொல்

நம் முன்னோரான அறிஞர்கள் இதைக் கவனியாமல் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரீ மூன்றாம் நூற்றாண்டிலேயே பஸராவின் ஜாஹிழ், உயிரினங்களைப் பற்றி ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலை எழுதினார். திருக்குர்ஆனின் 16-ஆவது அத்தியாயத்திற்குத் தேனீ என்றே பெயர். 27-ஆவது அத்தியாயம் எறும்பின் பெயரையும், 29-ஆவது அத்தியாயம் சிலந்தியின் பெயரையும் தாங்கியுள்ளன. தேனீக்கு வீடமைக்கும் வழி அறிவிக்கப்பட்டதைக் கூறுமிடத்தில், நபிமார்களுக்கு வந்த வேத அறிவிப்பைக் குறிக்கும் ‘வஹீ’ என்ற சொல்லின் வினை வடிவமே ஆளப்பட்டிருக்கிறது. தேனீயைப் பொறுத்தவரை அதற்கு ‘இல்ஹாம்’, அதாவது உள்ளுணர்வாக ஊட்டுதல் என்பதே பொருள் என விரிவுரையாளர்கள் விளக்கினர்.

இப்னு ஸீனா (980–1037) இதை இன்னும் நுட்பமாகப் பேசினார். பறவைகளும் தேனீக்களும் வீடு கட்டுகின்றன. ஆனால் மனிதன் சிந்தித்துக் கண்டுபிடிப்பதுபோல் அவை கட்டுவதில்லை. அவற்றுக்கு ஊட்டப்பட்ட உள்ளுணர்வாலும், அவை அதற்கென வசப்படுத்தப்பட்டிருப்பதாலும் கட்டுகின்றன. அதனால்தான் அவற்றின் வேலை வேறுபடாமல் ஒரே மாதிரியாக அமைகிறது என்பது அவரது கருத்து. இக்கருத்தின் முற்பகுதி ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் உறுதியாக நிற்கிறது. ‘வேறுபடாமல்’ என்ற பிற்பகுதியைப் பற்றித்தான் இன்று நாம் நிதானித்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஏன் நிதானம் என்கிறீர்களா? சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்த பிறகு, விலங்கியல் படிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், ஒரு பயானில் கேட்டேன். தேனீ கணக்குப் போட்டு அளந்து, இம்மியும் பிசகாமல் ஒவ்வோர் அறையையும் ஒரே மாதிரி கட்டுகிறது என்றார்கள். நாங்கள் கல்லூரியில் ஓர் அடையை அளந்து பார்த்தோம். எல்லா அறையும் ஒரே மாதிரி இல்லை. அப்படியானால் அந்தப் பயானில் சொன்ன மற்றவையும் இப்படித்தானா?” என்று கேட்டார். அவர் குதர்க்கம் பேச வந்தவர் அல்லர், முன்வரிசையில் தொழுகிறவர். தேனீயைப் பற்றிய கேள்வியைவிட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை உறங்கவிடவில்லை. மெய்யான வியப்பின்மேல் நாம் பூசும் மிகைப்பூச்சு உரியும்போது, அடியிலுள்ள மெய்யும் சேர்ந்து உரிந்துவிடக்கூடும் அல்லவா?

எனவே, கற்பிக்கப்படாமல் கட்டும் இவ்வுயிர்களுக்கு உண்மையில் எது தரப்பட்டிருக்கிறது, எது தரப்படவில்லை என்று பார்ப்போம்.

குளவியின் கையில் வரைபடம் இல்லை

ஆஸ்திரேலியாவில் ஒருவகை மண்குளவி உண்டு. நிலத்தில் வளை தோண்டி, அதன் வாயில் மண்ணால் ஒரு புனலைக் கட்டும். புனலின் தண்டு மேலெழுந்து, வளைந்து, மணிபோல் விரிந்து கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும். ஒட்டுண்ணிப் பூச்சிகள் வளைக்குள் நுழையாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஸ்மித் என்ற ஆய்வாளர் 1978-இல் வெளியிட்ட சோதனையில், கட்டி முடித்த புனலின் மேற்பகுதியில் ஒரு வட்டத் துளையிட்டுவிட்டார். குளவி திரும்பி வந்து பார்த்தது. ஓர் உருண்டை மண்ணால் அத்துளையை அடைத்திருந்தால் போதும். அது அப்படிச் செய்யவில்லை. அத்துளையின்மேல் இன்னொரு முழுப்புனலை முதலிலிருந்து கட்டி எழுப்பியது!

இதன் பொருள் என்ன? குளவியின் உள்ளத்தில் முழுக்கட்டடத்தின் படம் இல்லை. மண்தரையில் வட்டத் துளையைக் கண்டால் தண்டு எழுப்பு, தண்டு இவ்வளவு உயர்ந்தால் வளை, வளைந்தால் விரி. இப்படி ஒரு வேலை முடிந்த நிலையே அடுத்த வேலைக்கு ஆணையாகிறது. கரையான் புற்றை ஆராய்ந்த பிரான்ஸ் நாட்டு அறிஞர் பியர்-பால் கிராஸே 1959-இல் இதைத்தான் விளக்கினார். கண்பார்வையற்ற வேலைக்காரக் கரையான்களுக்கு மேஸ்திரி எவரும் இல்லை. ஒரு கரையான் வைத்த மண் உருண்டையே அடுத்த கரையானை அங்கே உருண்டை வைக்கத் தூண்டுகிறது. கட்டப்படும் சுவரே கட்டுகிறவருக்கு மேஸ்திரி!

சிலர், ‘அப்படியானால் இது வெறும் இயந்திரம்தானே, இதில் வியக்க என்ன இருக்கிறது?’ என்பர். எனக்கோ இதை அறிந்த பிறகுதான் வியப்பு கூடிற்று. முழு வரைபடத்தையும் கையில் கொடுத்துக் கட்டச் சொல்வது எளிது. நான்கைந்து எளிய ஆணைகளை மட்டும் கொடுத்து, அவற்றின் வரிசையிலிருந்தே ஒரு மாளிகை எழும்படிச் செய்வது அதைவிட நுட்பமன்றோ? உயிரியலார் இந்த ஆணைகள் மரபணுவின் வழியே தலைமுறை தலைமுறையாக இறங்குகின்றன என்பர். அது ‘எவ்வாறு’ என்ற கேள்விக்கான விடை. நம் உலமாக்கள் பேசியது ‘எவனிடமிருந்து’ என்ற கேள்வியை. ஒன்றின் விடையைக் கொண்டு மற்றதை அடித்து வீழ்த்த இருதரப்பாரும் முயல்வது வீண் வேலை.

தேனீயின் ஆறுபக்க அறை

அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம்.

ஒரே அளவுள்ள ஓடுகளை இடைவெளியின்றித் தரையில் பதிக்க வேண்டும் என்றால், பக்கங்களும் கோணங்களும் சமமான வடிவங்களில் மூன்றுதான் தேறும்: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஐங்கோணத்தைப் பதித்தால் சந்து விழும். இந்த மூன்றிலும் ஒரே பரப்பை அடைக்க மிகக் குறைந்த சுவர் வேண்டுவது அறுகோணத்திற்கே; சதுரத்தைக் காட்டிலும் ஏறக்குறைய 7 விழுக்காடு குறைவு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் இதைத் தேனீயின் வடிவ அறிவாக எழுதிவைத்தார். மூன்று வடிவங்கள் மட்டுமல்ல, எந்த வடிவத்தைக் கொண்டு சமபரப்பாகப் பிரித்தாலும் அறுகோணமே சிக்கனமானது என்ற முழு நிரூபணம் 1999-இல்தான் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணித அறிஞரால் தரப்பட்டது.

தேனீக்கு இச்சிக்கனம் உயிர்ப்பிரச்சினை. மெழுகு என்பது அது எங்கிருந்தோ பொறுக்கி வருவதன்று. வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறமுள்ள எட்டுச் சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில்களாகக் கசிவது. அதைச் சுரக்கத் தேனைத் தின்று தீர்க்க வேண்டும். மெழுகு வீணானால் தேன் வீண். அறைச்சுவரின் கனமோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது. இருளில், ஒன்றன் காலை ஒன்று பற்றிச் சங்கிலியாகத் தொங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான தேனீக்கள் இதைக் கட்டுகின்றன. தேன் ஒழுகாதபடி ஒவ்வோர் அறையும் வாய்ப்பக்கம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பாறைகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் தொங்கும் மலைத்தேனீ வெட்டவெளியில் ஒரே பெரிய அடையைக் கட்டும். மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் வளர்க்கப்படும் இந்தியத் தேனீயோ பொந்தின் இருளில் அடைகளை இணையிணையாகத் தொங்கவிடும். அதனதன் பங்கு அதனதற்கு.

ஆனால் அந்த இளைஞர் அளந்ததும் சரியே. வேலைக்காரத் தேனீ வளரும் அறை சிறியது. ஆண்தேனீ வளரும் அறை பெரியது. இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்போது ஆறுபக்கக் கணக்கு பொருந்தாது. இருவேறு இடங்களில் தொடங்கிய அடைகள் நடுவில் வந்து சேரும்போதும் அவ்வாறே. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, இத்தகைய இடங்களில் தேனீக்கள் என்ன செய்கின்றன என்று படமெடுத்து அளந்தது. அவை ஐந்து பக்க அறைகளையும் ஏழு பக்க அறைகளையும் இடையிடையே வைத்து, அறையின் அளவையும் சாய்வையும் சிறிது சிறிதாக மாற்றி, இணைப்பைச் சமாளிக்கின்றன. மோதும் இடம் வருவதற்குச் சற்று முன்னதாகவே மாற்றத்தைத் தொடங்கியும்விடுகின்றன. பிசகாத அச்சு இயந்திரத்தால் இது ஆகாது. நல்ல கொத்தனார், சுவர் மூலை கோணலாக இருந்தால் செங்கல்லை உடைத்துப் பொருத்துவார் பாருங்கள், அதுபோன்ற வேலை இது. ‘பிசகவே பிசகாது’ என்று புகழ்ந்தவர், இதைவிடப் பெரிய திறமையை மறைத்துவிட்டார் என்றே அந்த இளைஞரிடம் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேதத்தில் தேனீக்குரிய ஏவல் வினைகள் பெண்பாலில் இருப்பதையும், கூடு கட்டுவன பெண்தேனீக்களே என்று பின்னாளில் அறியப்பட்டதையும் இணைத்துப் பேசுவோர் உண்டு. கட்டுவன பெண்தேனீக்களே என்பது உண்மை. ஆயின் அரபி மொழியில் அச்சொல் பெண்பாலாக வழங்குவதுண்டு என்பதை மதரஸாவில் இலக்கணம் ஓதியவர் எவரும் அறிவர். அரபி அறிந்த ஒருவர் முன்னால் இந்த வாதத்தை வைக்கும் இளைஞர் திகைத்து நிற்கக்கூடாது என்பதற்காகக் கூறுகிறேன்.

பிரேசில் நாட்டில், நம் ஊர்க் கொசுத்தேனீயைப் போன்ற கொடுக்கில்லாத தேனீ வகை ஒன்று இருக்கிறது. அதில் சில கூட்டத்தார் அடைகளை மாடிமாடியாக அடுக்குவர். சில கூட்டத்தார் சுழல் படிக்கட்டைப் போல ஏற்றிக்கொண்டே போவர். ஒரு கூட்டின் வேலையாட்களை எடுத்து மற்றக் கூட்டில் விட்டபோது, அவை புகுந்த வீட்டின் பாணியிலேயே கட்டின என்று 2024-இல் ஆய்வாளர்கள் எழுதினர். ஆசிரியர் இல்லை, பாடம் இல்லை. முன்னோர் விட்டுச்சென்ற சுவர் மட்டும் இருக்கிறது. கற்பித்தல் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று மனம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

சிலந்தியைப் பற்றிச் சுருக்கமாக. வட்ட வலை பின்னும் சிலந்தியின் குஞ்சு, பிறந்த சில நாட்களிலேயே எவரும் காட்டித்தராமல் சிறிய அளவில் முழு வலையையும் பின்னிவிடும். 1973-இல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்கலத்திற்கு அரபெல்லா, அனிதா என்று பெயரிடப்பட்ட இரு சிலந்திகளை அனுப்பினார்கள். பள்ளி மாணவி ஒருவர் தந்த யோசனை அது. எடையே இல்லாத அந்த வெளியில் அரபெல்லா பின்னிய முதல் வலை அலங்கோலமாக இருந்தது. சில நாட்களில் முறையான வட்ட வலையைப் பின்னிவிட்டது. எந்தச் சிலந்தியும் அதற்கு முன் கண்டிராத நிலைமை அது. அந்நிலைமைக்கும் இடங்கொடுக்கும்படியாகவே அதற்கு அந்த உணர்வு ஊட்டப்பட்டிருக்கிறது.

தூக்கணாங்குருவி பழகுகிறது

நம் வயல்வெளிகளில், கிணற்றின்மேல் சாய்ந்த பனைமட்டையிலும் கருவேலங் கிளையிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை அறியாதவர் இல்லை. அதை முறையாக ஆராய்ந்து உலகிற்கு எடுத்துரைத்தவர் இந்தியாவின் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896–1987). 1930-இல், மும்பையை அடுத்த கீஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் அவர் தங்கியிருந்தபோது, நாள்தோறும் இக்குருவிகளைக் கவனித்துக் குறித்துவந்தார். வேலையில்லாமல் இருந்த காலம் அது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டும் கூடு என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர். கட்டுவது ஆண், தேர்ந்தெடுப்பது பெண் என்று அவர் தெளிவுபடுத்தினார்.

நெற்பயிரின் தாளிலிருந்தோ பனை ஓலையிலிருந்தோ ஆண்குருவி நீளமான நார்களைக் கிழித்துவருகிறது. ஒரு கூட்டிற்கு ஐந்நூறு நடை வரை ஆகலாம். முதலில் கிளையில் சுற்றி முடிச்சிட்டு, வளையம் ஒன்றைத் தொங்கவிட்டு, ஏறக்குறைய எட்டு நாட்களில் கவிழ்த்த ஹெல்மெட் வடிவில் பாதிக்கூட்டை எழுப்புகிறது. அத்துடன் வேலையை நிறுத்திவிடுகிறது. அங்கே தொங்கிச் சிறகடித்துக் கூவி அழைக்கிறது. பெண்குருவி வந்து, உள்ளே நுழைந்து, நார்களை இழுத்துப் பார்த்து, இசைந்தால்தான் நீண்ட குழல்வாயில் உள்ளிட்ட மீதி வேலை நடக்கும். மொத்தம் பதினெட்டு நாட்கள் அளவில் கூடு முடிகிறது. இசையாவிட்டால் அக்கூடு பாதியிலேயே தொங்கிக் காயும்.

இத்திறமை முழுவதும் பிறவியிலேயே வந்ததா? நெடுங்காலமாக ‘ஆம்’ என்றே சொல்லிவந்தோம். 1960-களில் அமெரிக்காவின் நிக்கோலஸ் காலியஸ், எல்ஸி காலியஸ் தம்பதியர், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கக் குருவியின் குஞ்சுகளைக் கையால் வளர்த்துப் பார்த்தனர். கூடு கட்டும் ஆவலும், நாரைப் பற்றி இழுக்கும் செய்கையும் எவரும் சொல்லாமலே அவற்றிடம் வெளிப்பட்டன. ஆனால் தொடக்கத்திலிருந்தே பச்சை நார் எதுவும் கிடைக்காதபடி வளர்க்கப்பட்ட ஆண்குஞ்சுகள், பின்னர் நார் கொடுத்தபோது தடுமாறின, பின்னத் தெரியவில்லை. சிறுவயதிலிருந்தே நாரோடு விளையாடிய குஞ்சுகள் நன்கு பின்னின. இளங்குருவிகள் முதலில் கட்டுபவை கூடு என்று சொல்லத் தகாத கந்தல்கள்! அவிழ்ந்து விழும், மறுபடி கட்டும். போட்ஸ்வானா நாட்டில் படமெடுக்கப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், ஒரே குருவி கட்டும் இரு கூடுகள்கூட ஒரேவிதமாகக் கட்டப்படுவதில்லை என்பதும், அனுபவம் கூடக்கூடக் கீழே நழுவவிடும் புற்கள் குறைகின்றன என்பதும் தெரியவந்தன.

ஆகவே, குளவிக்கு ஏறத்தாழ முழுவதும் தரப்பட்டிருக்கிறது. தேனீக்குச் சில ஆணைகளும் அவற்றை வளைத்துக்கொள்ளும் திறனும் தரப்பட்டிருக்கின்றன. இக்குருவிக்கோ ஆவலும் அலகசைவும் மட்டும் தரப்பட்டு, மீதி அதன் உழைப்பிற்கு விடப்பட்டிருக்கிறது. இப்னு ஸீனா இன்று இருந்திருந்தால் தம் வாக்கியத்தின் பிற்பகுதியைத் திருத்தி எழுதியிருப்பார் என்பது என் எண்ணம். அவர் மருத்துவர், நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதாதவர்.

நகரத்துக் கடைகளில் இக்கூடுகளை அலங்காரப் பொருளாக விற்கிறார்கள். வரவேற்பறையில் மாட்ட அவற்றை வாங்குகிறவர்கள், அது பருவம் முடிந்து உதிர்ந்ததா, உள்ளே முட்டை இருக்கும்போது மட்டையோடு அறுக்கப்பட்டதா என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? வாங்க வேண்டிய தேவையே இல்லை. மழைக்காலத்தை ஒட்டிய இனப்பெருக்கப் பருவம் கடந்த பின் மரத்தடிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். காற்றில் விழுந்தவை கிடைக்கும். ஒன்றை மெல்லப் பிரித்துக் காட்டுங்கள். முட்டை அறைக்கும் குழல்வாயிலுக்கும் நடுவே குறுக்காக ஒரு பட்டி ஓடும். முட்டை குழலுக்குள் உருண்டு விழாமல் தடுப்பது அதுவே. உட்சுவரில் காய்ந்த களிமண் ஒட்டியிருப்பதையும் காணலாம். மின்மினியை அதில் பதித்து இரவில் விளக்கேற்றுகிறது என்று பாட்டிமார் கதை சொல்வார்கள். மின்மினி எதுவும் இராது. காற்றில் கூடு சுழலாமல் நிலைநிறுத்த அம்மண் உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

அண்ணாந்து பார்த்தால் பாதியில் நிற்கும் ஹெல்மெட் கூடுகள் சில இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் சில நேர்த்தியாகப் பின்னப்பட்டவையே. பெண்குருவி பின்னலின் அழகைவிட, கூடு எத்தனை உயரத்தில் இருக்கிறது, எந்தக் கிளையில் இருக்கிறது என்பதையே பெரிதாகப் பார்க்கிறது என்று நம் நாட்டில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. பின்னல் தெரிந்த குருவி, இடம் பார்க்க இன்னும் பழக வேண்டியிருந்தது போலும்.